தபால்பெட்டித் தெருவின் ஏழு டேப்புகள்

ஜூன் 3, 2024, திங்கள்

தண்ணீர் லாரி ஏழரைக்கே வந்துவிட்டது. பதினோரு குடம் பிடித்தேன். இவருக்குக் கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மகள் தேன்மொழி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். போனை வைக்கப்போகிற நேரத்தில், தபால்பெட்டித் தெரு கிடைத்துவிட்டதாமே, ஃபேஸ்புக்கில் ஒரே பேச்சாக இருக்கிறதே என்றாள். எந்தத் தெரு என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

பேரப்பிள்ளைகள் யாராவது இந்த டைரியைப் புரட்டினால் புரியட்டும் என்று எழுதிவைக்கிறேன். ‘தபால்பெட்டித் தெரு’ 1987இல் எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் எடுத்த தொடர். பதின்மூன்று வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்குத் தெருவில் ஆள் இருக்காது. முதல் ஆறு பகுதிகள் இன்றும் இருக்கின்றன. ஏழிலிருந்து பதின்மூன்று வரை இல்லை. நான் அப்போது டேப் நூலகத்தில் உதவியாளர். டேப்புக்குப் பஞ்சமான காலம். பழைய நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதன்மேலேயே புதியதைப் பதிவார்கள். 88 செப்டம்பர் கணக்கெடுப்பின்போது, அழிக்க வேண்டிய பட்டியலில் இருந்த ஏழு டேப்புகள் ரேக்கில் இல்லை. சாவி என்னிடம். விசாரணை நடந்தது. நான்கு மாதம் சஸ்பென்ஷன். பிறகு சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஓய்வு பெற்ற நாள் வரை அதே நாற்காலிதான். ‘டேப் குணா’ என்று முதுகுக்குப் பின்னால் பெயர்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார். தேன்மொழி என்றேன். அவளுக்கு யார் சொன்னது என்றார். பீன்ஸ் பொரியலைத் தொடவே இல்லை.

ஜூன் 5, புதன்

இவர் நடைக்குப் போகவில்லை. முழங்கால் வலியாம்.

ஜூன் 9, ஞாயிறு

தேன்மொழி அனுப்பியதைத் திறந்து படித்தேன். அந்தத் தொடருக்கென்றே ஒரு குழு. ஒன்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் அது ஒளிபரப்பானபோது பிறந்தே இருக்கமாட்டார்கள். ஏழு டேப்பும் லண்டனில் ஒரு டாக்டர் வீட்டில் இருப்பதாக ஒருவர். இல்லை, கொழும்பில் என்று இன்னொருவர். திருவண்ணாமலையில் மூடிப்போன தியேட்டரின் மாடியறையில் பார்த்தேன், சத்தியம் என்கிறார் வேறொருவர். டேப்புக்கும் தியேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று யாருமே கேட்கவில்லை.

நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில்தான் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்பதுதான் புதிய வதந்தி. அதற்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: “அந்த லைப்ரரி அம்மாவாகத்தான் இருக்கும். திருடி சஸ்பெண்ட் ஆனவங்க.”

சிரித்த முகம் போட்டு நாற்பத்துமூன்று பேர் அதைப் பாராட்டியிருக்கிறார்கள்.

போனை வைத்துவிட்டுத் துணி மடித்தேன். இத்தனைக்கும் காரணம் பிலோமினா. எனக்குப் பக்கத்து மேசை. ஏழு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். குணசுந்தரி பெரிய ரெக்ஸின் பையுடன் பின்கேட் வழியாகப் போனதைப் பார்த்தேன் என்று விசாரணையில் வாக்குமூலம் கொடுத்தாள். நான் எந்தப் பையும் கொண்டுபோகவில்லை என்று கற்பூரம் அடித்துச் சொன்னேன். யார் நம்பினார்கள்? அன்றிலிருந்து அவளோடு பேச்சு இல்லை. அவள் வீட்டுக்காரர் இறந்தபோதும் போகவில்லை. ஒரு நடை போயிருக்கலாமே என்றாள் தேன்மொழி. பொய் சொன்னவள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 12, புதன்

முபாரக் அலி என்று ஒருவர் போன் செய்தார். அந்தக் குழுவை நடத்துகிறவராம். அரக்கோணத்தில் பள்ளி ஆசிரியர். ஓய்வூதியர் சங்கத்தில் என் நம்பரை வாங்கியிருக்கிறார். சனிக்கிழமை வரலாமா என்றார். என்னிடம் ஒன்றும் இல்லை, வந்து ஏமாறாதீர்கள் என்றேன். இல்லை என்பதையாவது நேரில் கேட்டுக்கொள்கிறேன் என்றார். குரலில் மரியாதை இருந்தது.

ஜூன் 15, சனி

வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒரு கிலோ மாம்பழம் வாங்கி வந்திருந்தார். முதலில், குழுவில் என்னைப் பற்றி வந்ததை நீக்கிவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் இவர் விடமாட்டார். சிலிண்டர் போடுகிறவரைக்கூட உட்காரவைத்து அந்தக்கால எடிட்டிங் அறைக் கதை சொல்வார், வெட்டுக்கும் ஒட்டுக்கும் வித்தியாசம் விளக்குவார். இருபத்தெட்டு வருஷம் அங்கே எடிட்டராக இருந்தவர், கதைக்கா பஞ்சம். இன்று வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை.

டேப் இருப்பதாக எப்படி உறுதியாக நம்புகிறீர்கள் என்று முபாரக்கிடம் கேட்டேன். ‘தபால்காரர்’ என்ற பெயரில் ஒருவர் நான்கு மாதமாக எழுதிவருகிறார், அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை என்று தன் போனைக் காட்டினார். ஒன்பதாம் பகுதியைப் பற்றி எழுதியிருந்தது. கடிதம் வந்ததும் தொடரின் நாயகி அழுகிற காட்சியை எடுத்திருந்தார்களாம். அதைப் போடாமல், அவள் கை கதவின் தாழ்ப்பாளில் நிற்பதோடு முடித்து நேராகக் காலித் தெருவுக்குப் போனதில்தான் அந்தப் பகுதியின் உயிரே இருக்கிறதாம். கடைசி வரி: “அது வெட்டு அல்ல, ஒட்டு. வெட்டத் தெரிந்தவன் ஆயிரம் பேர், ஒட்டத் தெரிந்தவன் ஒருத்தன்.”

படித்துவிட்டுக் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கழுவினேன். முபாரக்கை வழியனுப்பினேன்.

தலைவலி. வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

அலமாரிகளைத் துடைத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

சமையலறைப் பரணைச் சுத்தம் செய்தேன். இந்த வயதில் ஸ்டூல்மேல் எதற்கு ஏறுகிறாய் என்று இவர் சத்தம் போட்டார். அறைப் பரணையும் நாளை பார்க்கலாம் என்றேன். அங்கே என் பழைய காகிதம்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அந்தப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. சைதாப்பேட்டையிலிருந்து குரோம்பேட்டை, குரோம்பேட்டையிலிருந்து இங்கே நங்கநல்லூர் என்று இரண்டு முறை வீடு மாறியபோதும் அதை லாரியின் பின்னால் ஏற்ற விடவில்லை. முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தார். ஆண்களுக்கு அப்படி ஒரு பெட்டி இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

முடிவெட்டப் போயிருந்தார். பெட்டிச் சாவி சவர டப்பாவில் இருந்தது.

ஏழும் இருக்கின்றன.

லேபிளில் என் கையெழுத்து.

ஜூன் 21, வெள்ளி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. இன்று எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே இதை நம்பமாட்டேன்.

பெட்டியைக் கூடத்துக்கு இழுத்துவந்து திறந்தே வைத்திருந்தேன். கழுத்தில் பவுடரோடு வந்தார். பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒன்றுமே கேட்கவில்லை. அவரேதான் சொன்னார்.

அழிக்கும் பட்டியலை அவருக்குக் காட்டியது நான்தான். உங்கள் தொடரும் போகப்போகிறது என்று சாப்பாட்டு வேளையில் வருத்தப்பட்டுக் காட்டினேன். அவர் மூன்று மாதம் ராப்பகலாக உட்கார்ந்து ஒட்டியது. அதுபோல் முன்னாலும் செய்ததில்லை, பின்னாலும் செய்ததில்லை என்றார். நான் கை கழுவப் போன நேரத்தில் என் பையிலிருந்து சாவியை எடுத்திருக்கிறார். ஒரு பிரதி எடுத்துவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தாராம். பிரதி எடுக்க வெளியில் எங்கேயும் இயந்திரம் கிடைக்கவே இல்லையாம். அதற்குள் கணக்கெடுப்பு வந்துவிட்டது.

“நான் சொல்லியிருந்தா ரெண்டு பேர் வேலையும் போயிருக்கும் சுந்தரி. கொழந்தைக்கு ரெண்டு வயசு.”

சஸ்பெண்ட் செய்தபிறகாவது என்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாமே என்றேன். ஒரு மாதத்தில் அடங்கிவிடும் என்று நினைத்தாராம். அடங்காதபோது?

“அப்புறம் சொல்ற காலம் தாண்டிப்போச்சு.”

அந்த நான்கு மாதமும் நான் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். அக்கம்பக்கம் கேட்டால் உடம்பு சரியில்லை, லீவு என்று சொல்லச் சொன்னவர் இவர். ஒரு நாள் மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைப் பிடுங்கி எறிந்தவரும் இவர்தான். அன்றைக்கும் சொல்லவில்லை.

அப்புறம்தான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. எடிட்டிங் பிரிவு ஆட்கள் வெளியே போகும்போது கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஏழு டேப்பை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். தரையைப் பார்த்தார்.

“நீதான் எடுத்துட்டு வந்தே.”

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பெண்களின் பையை அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஜூலை மாதம், மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஷிப்டில் இருந்தவர் பின்கேட்டுக்கு வந்து ஒரு பையைக் கொடுத்தார். பக்கத்து வீட்டு வாத்தியாரின் புத்தகங்கள், நனையாமல் கொண்டுபோ என்றார். கனம் தாங்காமல் பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொண்டேன். விசாரணை செப்டம்பரில் வந்தது. இரண்டு மாதத்துக்குமுன் வாத்தியார் புத்தகம் தூக்கியதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நேற்று அவர் சொன்னதும் அந்தப் பையின் வார் தோளை அறுத்தது வரைக்கும் நினைவுக்கு வந்துவிட்டது.

பிலோமினா பொய் சொல்லவில்லை.

ஜூன் 24, திங்கள்

ரசம், கத்திரிக்காய் கூட்டு. அவருடைய சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல எடுத்துவைத்தேன். எடுத்துவைத்த பிறகுதான் கவனித்தேன்.

தேன்மொழியிடம் சொன்னேன். வெகுநேரம் அழுதாள். கடைசியில், “இத்தன வருஷம் தாங்கிட்டியேம்மா, அப்பாவுக்கும் வயசாச்சு” என்றாள். நான் தாங்கவில்லை, எனக்குத் தெரியாது, இரண்டும் வேறு என்றேன். புரிந்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 27, வியாழன்

தபால்காரர் என்ற பெயரில் எழுதியது ஏன் என்று கேட்டேன். கண் ஆபரேஷனுக்குப்பின் சும்மா உட்கார்ந்திருந்தபோது அந்தக் குழு கண்ணில் பட்டதாம். ஆறு பகுதிகளைப் பார்த்துவிட்டு அத்தனை பேர் எடிட்டிங்கைப் புகழ்ந்திருந்தார்களாம். அவர் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லையாம்.

டேப்பை முபாரக்கிடம் கொடுத்துவிடலாமா என்றார். கொடுங்கள் என்றேன். ஆனால் நாலு பேர் முன்னால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எனக்கு எதுவும் தெரியாது என்பது ஒன்று. பிலோமினா சொன்னது உண்மை என்பது இன்னொன்று. சரி என்றார். என் கையைப் பிடிக்க வந்தார். அடுப்பில் பால் இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

முபாரக் வந்து எடுத்துப்போனார். டேப்பைத் தொட்டதும் அழுதுவிட்டார். அவருடைய அம்மா கடைசியாக ஆசையாகப் பார்த்த தொடராம். தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே முடிவு தெரியாமல் செத்துப்போனார் என்றார். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

டேப்புகளைச் சுத்தம் செய்து ஓட்டிப் பார்த்துவிட்டார்களாம். ஐந்து நன்றாக இருக்கின்றன. இரண்டில் பூஞ்சை. குழுவில் இவருடைய படம் போட்டிருக்கிறார்கள். தெய்வசிகாமணி என்ற பெயரிலேயே தெய்வம் இருக்கிறது என்று ஒருவர். ஒரு தலைமுறையின் நினைவைக் காப்பாற்றிய மனிதர் என்று இன்னொருவர். இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக உதடு அசையப் படிக்கிறார். விழாவுக்கு டை அடித்துக்கொள்ளட்டுமா என்று என்னைக் கேட்டார்.

வாஷிங் மெஷினுக்கு ஆள் வரவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

விழா முடிந்து இப்போதுதான் வந்தோம். ஒரு பள்ளிக்கூட அரங்கம், பகல் பதினொரு மணி. இருநூறு பேர் இருக்கும். பாண்டிச்சேரி, சேலம், கோலாலம்பூரிலிருந்துகூட ஒரு அம்மா. எல்லோரும் இவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

இவர் பேசினார். நன்றாகவே பேசினார். பட்டியலைப் பார்த்தது, மனசு கேட்காதது, எடுத்தது எல்லாம் சொன்னார். பிறகு, “இதுக்காக என் மனைவி ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. நாலு மாசம் சஸ்பென்ஷன். ஒரு வார்த்தை சொல்லாம பொறுத்துக்கிட்டாங்க” என்றார். அத்தோடு நிறுத்தினார்.

நான் காத்திருந்தேன். மேலே சொல்வார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரங்கமே எழுந்து கை தட்டியது. கோலாலம்பூர் அம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டார். தெரிந்தே பழியை ஏற்றுக்கொண்டேனாம். அந்தத் தொடரில் வருகிற பெண்ணைப்போலவே நானாம். என்னை மேடைக்கு இழுத்துப்போய்ப் பொன்னாடை போட்டார்கள். எனக்குச் செய்ததை அப்படியே எடுத்து, நானே செய்ததாக மாற்றி என் தோளில் போர்த்திவிட்டார்கள். இவர் பக்கத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

முபாரக்கிடமிருந்து மைக்கை வாங்கினேன். நான் மேடையில் பேசியவள் இல்லை.

“நான் எதையும் பொறுத்துக்கல. எனக்குத் தெரியாது. போன மாசம் இருபதாந்தேதிதான் தெரியும். என்னோட வேலை செஞ்ச பிலோமினா விசாரணையில உண்மையைச் சொன்னாங்க. முப்பத்தாறு வருஷமா நான் அவங்களப் பொய்க்காரின்னு சொல்லிட்டிருந்தேன். அதத்தான் இவர் சொல்றதா இருந்தது.”

யாரோ ஒருவர் கை தட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டுவிட்டார்கள். ஒன்பதாம் பகுதி. அந்தப் பெண்ணின் கை தாழ்ப்பாளில் நின்றது. அடுத்து வெறும் தெரு. நல்ல ஒட்டு. பொய் சொல்வானேன், நானும் கண்ணை எடுக்கவில்லை. அதை இல்லாமல் ஆக்கியிருந்தால் அது பெரிய பாவம்தான். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஆட்டோவில் இவர், எல்லோர் முன்னாலும் இப்படியா என்றார். நான் ஆட்டோவுக்குச் சில்லறை எண்ணி எடுத்தேன்.

ஜூலை 31, புதன்

பிலோமினாவின் விலாசத்தை ஓய்வூதியர் சங்கத்தில் வாங்கினேன். பெரம்பூர்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

டைரி வீட்டில் இருக்கிறது. இதை பிலோமினாவின் மாதக் காலண்டரில் கிழித்த ஜூலைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

கோயில் பூசை முடிந்து வந்திருப்பாள் என்று கணக்குப்போட்டுப் பதினொரு மணிக்குப் போனேன். அவளே கதவைத் திறந்தாள். முடி முழுக்க வெளுத்திருக்கிறது. ஒரு காலை இழுத்து நடக்கிறாள். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. நீ சொன்னது உண்மைதான், பையில் டேப்தான் இருந்தது, எனக்குத் தெரியாது என்றேன். உள்ளே வா, வெயிலில் நிற்காதே என்றாள்.

தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“பையக் கொண்டுவந்து உன் கையில குடுத்தது உன் வீட்டுக்காரர்னும் நான் சொன்னேன் குணா. விசாரணை பண்ணினவர் அத எழுதிக்கல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னுட்டார்.”

அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

“வந்தேனே. சைதாப்பேட்ட வீட்டுக்கு ரெண்டு தடவ வந்தேன். நீ என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்றதா அவர்தான் வாசல்லயே சொல்லி அனுப்பிட்டார். அப்புறம் எப்படி வர்றது?”

நான் உள்ளே அறையில்தான் படுத்திருந்திருப்பேன். அந்த நான்கு மாதத்தில் ஒரு பகல்கூட நான் வெளியே போனதில்லை. பத்தடி தூரம் இருந்திருக்கும்.

டேப்பை எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. வாய் திறக்காததற்குப் பயம் என்று ஒரு பெயராவது வைக்கலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் போன் செய்தார். எப்போது வருவாய், மோர் எங்கே இருக்கிறது என்றார். பிலோமினா நம் வீட்டுக்கு வந்தாளா என்று கேட்டேன். எந்த பிலோமினா, எப்போது என்று அவர் கேட்கவில்லை.

“வந்தா. ரெண்டு தடவ.”

போனை வைத்துவிட்டேன். பிலோமினா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். சாப்பிட்டேன். பசித்தது. அவள் கொஞ்ச நேரம் படுத்துத் தூங்கினாள். நான் இதை எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது மணி ஐந்து. பஸ்ஸில் கூட்டம் ஏறுவதற்குமுன் கிளம்பினால் நல்லது என்று எழுந்துவந்து சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டுக் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.

நான் எழுந்திருக்கவில்லை.